தனியே படித்தும் இசை இலக்கணத் தேர்வில் தேறலாம்

சோமனூர், கருமத்தம்பட்டி, பல்லடம் வட்டாரத்தில் விசைத்தறி ஓடும் நேரம்தான் வீட்டின் நேரம். வியாபாரி பாவு நூல் கொடுக்க, கூலிக்கு நெய்து கொடுக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று வாரம் மாறும்போது சாப்பாடும் தூக்கமும் அதற்கேற்ப மாறும். இப்படிப்பட்ட ஊரில் பாட்டோ வயலினோ சில வருடம் கற்ற ஒருவர், இசை இலக்கணத்தையும் முறையாகப் படித்து மேல்நிலைத் தேர்வு எழுத ஆசைப்பட்டால், முதலில் குறுக்கே நிற்பது நேரம்தான். கோவைக்கென உள்ள அரசு இசைக் கல்லூரி பொள்ளாச்சி சாலையில் மலுமிச்சம்பட்டியில் இருக்கிறது. அங்கே படிக்கப் பகல் முழுவதையும் ஒதுக்க வேண்டும். தறிக்கோ பனியன் கம்பெனிக்கோ போகிறவருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வீட்டு வேலை பார்க்கும் பெண்ணுக்கும் அது கட்டுப்படியாகாது. எனவே இந்த வட்டாரத்தில் தனியாகப் படிப்பது ஒன்றே பலருக்கும் திறந்திருக்கும் வழி. அந்த வழியில் போய்த் தேற முடியுமா என்றால், முடியும். ஆனால் ஓர் ஆசிரியர் நமக்காகச் செய்யும் வேலைகள் எவை, அவற்றில் எவற்றை நாமே செய்துகொள்ளலாம், எதற்குக் கட்டாயம் இன்னொருவர் வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கே முடியும்.

முதலில் என்னென்ன தேர்வுகள் உள்ளன என்று பார்த்துவிடலாம். தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் இந்திய இசையும் ஒன்று. ஓவியம், தையல், நடனம், அச்சுக்கலை ஆகியவற்றோடு கைத்தறி நெசவும் அதே பட்டியலில் இருப்பதை நெசவு ஊர்க்காரர்கள் கவனிக்கலாம். இந்த இசைத் தேர்வின் கீழ்நிலை, மேல்நிலைகளை ‘லோயர்’, ‘ஹையர்’ என்றுதான் பேச்சில் சொல்கிறார்கள். கல்லூரியில் சேராமல் தனித்தேர்வராக எழுதலாம் என்பதே இதன் சிறப்பு. பள்ளி இசை ஆசிரியர் பணிக்குப் போக நினைப்பவர்கள் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்வைச் சந்திக்க வேண்டும். 2017-ல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் சிறப்பாசிரியர்களுக்கு அந்த வாரியம் எழுத்துத் தேர்வு நடத்தியது. முதுகலை முடித்துக் கல்லூரி ஆசிரியராக விரும்புபவருக்கு யுஜிசி நெட் தேர்வு இருக்கிறது. அதில் பொதுத்தாளில் 50, இசைத்தாளில் 100 என மொத்தம் 150 கேள்விகளுக்கு மூன்று மணி நேரத்தில் விடையளிக்க வேண்டும். அத்தனையும் ஏட்டறிவைச் சோதிக்கும் கேள்விகள். ஒரு வரிகூடப் பாடிக் காட்ட வேண்டியதில்லை. மேல்நாட்டு இசை பயில்பவர்கள் லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் தேர்வையோ ஏபிஆர்எஸ்எம் தேர்வையோ எழுதுகிறார்கள். ஏபிஆர்எஸ்எம் முறையில் 5-ஆம் கிரேடு தியரியோ அதற்கு ஈடான வேறொரு தேர்வோ தேறாமல் 6, 7, 8-ஆம் கிரேடு வாசிப்புத் தேர்வுக்குப் போக முடியாது. ஆக, எந்த வழியில் போனாலும் ஒரு கட்டத்தில் இலக்கணம் தெரியாமல் மேலே நகர முடியாது.

இசை இலக்கண ஆசிரியர் மூன்று வேலைகளைச் செய்கிறார். எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு படிப்பது என்று வரிசைப்படுத்துகிறார். படித்தது மனதில் நிற்கிறதா என்று கேள்வி கேட்டுப் பார்க்கிறார். தாளில் எழுதியதும் காதில் ஒலிப்பதும் ஒன்றுதானா என்று கேட்டுத் திருத்துகிறார். முதல் இரண்டையும் உழைக்கத் தயாரான எவரும் தாமே செய்துகொள்ளலாம். மூன்றாவதுக்குத் தேர்ந்த இன்னொரு காது வேண்டும். தனியாகப் படித்துத் தோற்பவர்களில் பெரும்பாலோர், முதல் இரண்டு வேலைகளையும் யாரும் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டால் பாடம் முடிந்தது என்று நம்புகிறார்கள். மூன்றாவது வேலைக்கு ஆள் தேவை என்பதையும் அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

வரிசைப்படுத்தும் வேலையை நமக்காக முன்னோர் ஓரளவு செய்து வைத்திருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறையில் பணியாற்றிய பி. சாம்பமூர்த்தி (1901–1973), தென்னிந்திய இசை பற்றி ஆங்கிலத்தில் ஆறு பாகங்கள் எழுதினார். மாணவர் ஒவ்வொரு படியாக ஏறும்படி அமைந்த பாட நூல்கள் அவை. தமிழில் தேடுபவருக்கு ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917), விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’ (1947), வீ. ப. கா. சுந்தரத்தின் நான்கு தொகுதித் ‘தமிழிசைக் கலைக்களஞ்சியம்’ ஆகியவை இருக்கின்றன. ஆனால் இந்த மூன்றும் ஐயம் தீர்க்கத் தேடிப் போகும் பெருநூல்கள். தேர்வுக்கு முதல் பாடமாக இவற்றைக் கையில் எடுத்தால் மலைப்புதான் மிஞ்சும். பாடத்திட்டத்தை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு தலைப்புக்கும் நேரே எந்த நூலில் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்வதுதான் தனியாகப் படிப்பவரின் முதல் வேலை. முதலில் சுரத்தானங்கள், அடுத்து மேளகர்த்தா, பிறகு ஜன்ய ராகங்கள், அதன்பின் ராக லட்சணம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் வரிசையில் அது அமைய வேண்டும். வாக்கேயக்காரர் வரலாறு, இசைக்கருவிகள், உருப்படி வகைகள் போன்றவை அந்த வரிசைக்குக் கட்டுப்படாதவை. அசதியான நாட்களுக்கு அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

இலக்கணம் என்றதும் மனப்பாடம் என்று பலர் பயப்படுகிறார்கள். 72 மேளகர்த்தாக்களின் பெயரையும் சுரங்களையும் நெட்டுருப் போட வேண்டுமே என்பதுதான் அந்தப் பயம். உண்மையில் அங்கே நெட்டுருவைவிடக் கணக்குத்தான் அதிகம். 28-ஆம் மேளத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 36 மேளங்களுக்குச் சுத்த மத்யமம், மீதி 36-க்குப் பிரதி மத்யமம் என்பதால், 28-க்குச் சுத்த மத்யமம் என்பது உடனே முடிவாகிவிடும். ஆறு ஆறாகப் பிரித்தால் 28 ஐந்தாம் சக்கரத்தில் நான்காவதாக வரும். ஐந்தாம் சக்கரத்துக்குச் சதுச்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம். சக்கரத்துக்குள் நான்காம் இடத்துக்குச் சதுச்ருதி தைவதம், கைசிக நிஷாதம். ராகத்தின் பெயர் தெரியாமலே சுரங்கள் முழுவதும் கிடைத்துவிட்டன. அந்த ராகம் அரிகாம்போதி. ரிஷப காந்தார வரிசைக்கு ஆறு சேர்க்கை, தைவத நிஷாத வரிசைக்கு ஆறு சேர்க்கை, மத்யமம் இரண்டு என்ற மூன்று செய்திகள் மட்டும் தலையில் இருந்தால், 72 மேளங்களும் தேவைப்படும்போது விரல் நுனியில் பிறக்கும். நூல் கவுண்ட்டும் இழைக் கணக்கும் போட்டுப் பழகிய வீட்டில் வளர்ந்தவருக்கு இந்தக் கணக்கு ஒன்றும் பெரிதல்ல.

அடுத்த கேள்வி, பெயரிலிருந்து எண்ணைக் கண்டுபிடிப்பது. கடபயாதி என்ற முறையில் ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு எண் கொடுத்துத் திருப்பிப் போட வேண்டும். அரிகாம்போதியின் வடமொழி ஒலிப்பு ‘ஹரிகாம்போதி’. அதில் ஹ என்பது 8, ரி என்பது 2. 82-ஐத் திருப்பினால் 28. தமிழ் வழியில் படிப்பவர் தடுமாறும் இடம் இதுதான். கடபயாதி வடமொழி எழுத்து வரிசையில் கட்டப்பட்டது. அங்கே தகர வரிசையின் நான்கு ஒலிகளுக்கு 6, 7, 8, 9 என்று நான்கு எண்கள். தமிழில் நான்குக்கும் ஒரே எழுத்து. ‘தீரசங்கராபரணம்’ என்று தமிழில் எழுதிப் பார்த்தால் முதல் எழுத்து எந்த எண் என்று தெரியாது. அது நான்காம் ஒலி, எண் 9, ரகரம் 2, திருப்பினால் 29 என்பதை ஒலியறிந்துதான் சொல்ல முடியும். ஆகவே தமிழ் வழி மாணவர், மேளப் பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகளுக்கு மட்டும் வடமொழி ஒலியைத் தனியே குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரே ஒரு மாலை வேலைதான். பெயர்ப் பட்டியலிலும் ஒரு குழப்பம் உண்டு. முத்துசாமி தீட்சிதர் மரபில் அதே 28-க்கு அரிகேதாரகௌளை என்று பெயர். சுப்பராம தீட்சிதர் 1904-ல் எட்டயபுரத்திலிருந்து வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அந்த மரபைச் சேர்ந்தது. இரண்டு நூல்களில் இரண்டு பெயர் வந்தால் ஒன்று தப்பு என்று எண்ணிவிடக் கூடாது; இரண்டு மரபுகள் என்று எழுதினால் அது மேல்நிலைத் தேர்வுக்குரிய விடை.

இதே அரிகாம்போதியைச் சற்றுத் தொடர்ந்து பார்த்தால், மேல்நிலைப் பாடத்தின் பாதி அதற்குள் இருப்பது தெரியும். ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ வெள்ளைக் கட்டைகளை மட்டும் ‘ஜி’ என்ற கட்டையிலிருந்து அடுத்த ‘ஜி’ வரை வாசித்தால் அரிகாம்போதி ஒலிக்கும். மேல்நாட்டு இசையில் அதற்கு மிக்ஸோலிடியன் என்று பெயர். அதே கட்டைகளை ‘சி’யிலிருந்து தொடங்கினால் தீரசங்கராபரணம், ‘டி’யிலிருந்து கரகரப்பிரியா, ‘இ’யிலிருந்து தோடி, ‘எஃப்’பிலிருந்து கல்யாணி, ‘ஏ’யிலிருந்து நடபைரவி. ‘பி’யிலிருந்து தொடங்கினால் பஞ்சமம் அமையாததால் மேளம் ஆகாது. இதுதான் கிரக பேதம். சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் பேசும் பாலை மாற்றமும் இந்த அடிப்படையில்தான் விளக்கப்படுகிறது. அங்கு வரும் செம்பாலையை ஆய்வாளர்கள் பலர் இன்றைய அரிகாம்போதியாகக் கொள்கிறார்கள். சோமனூருக்குப் பக்கத்திலுள்ள அவிநாசியையும் இந்த ராகம் தொடுகிறது. முதலை விழுங்கிய பிள்ளையை மீட்டதாகச் சொல்லப்படும் சுந்தரர் பதிகம், ஏழாம் திருமுறையில் 92-ஆவது. அதன் பண் குறிஞ்சி. தேவாரப் பண்ணாகிய குறிஞ்சியை ஓதுவார்கள் இன்று அரிகாம்போதியில் பாடுகிறார்கள். கர்நாடக இசையில் குறிஞ்சி என்று வேறொரு ராகமும் இருக்கிறது. அது 29-ஆம் மேளத்தின் ஜன்யம். பண்ணையும் ராகத்தையும் பெயர் பார்த்து ஒன்றாக்கி எழுதினால் மதிப்பெண் போகும். கோயிலில் ஓதுவார் பாடும்போது நின்று கேட்டு, வீட்டுக்கு வந்து கட்டையில் வாசித்துப் பார்த்தவருக்கு அந்தத் தவறு வராது.

‘ஏன்’ என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாடம் இன்னும் ஆழமாகும். மோகனத்தின் தாய் ராகம் அரிகாம்போதி என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. மோகனத்தில் வரும் சுரங்கள் ச ரி க ப த மட்டும். மத்யமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. அப்படியானால் அதே ரிஷபம், காந்தாரம், தைவதம் உள்ள 28, 29, 64, 65 ஆகிய நான்கு மேளங்களில் எதை வேண்டுமானாலும் தாய் என்று சொல்லலாமே? சுரங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் சொல்லலாம். 28 என்பது மரபு வகுத்த முடிவு. இந்த ஒரு கேள்வியை நேர்மையாக எதிர்கொண்ட மாணவர், மேளகர்த்தா என்பது வகைப்படுத்தும் ஏற்பாடு என்பதையும், ராகங்கள் பல அதற்கு முன்பே வழங்கியவை என்பதையும் புரிந்துகொள்வார். வேங்கடமகி 17-ஆம் நூற்றாண்டில் ‘சதுர்தண்டி பிரகாசிகை’யில் 72 என்ற கணக்கைப் போட்டபோது அவற்றில் மிகச் சிலவே வழக்கில் இருந்தன என்ற வரலாற்றுச் செய்தியும் அப்போது பொருளோடு மனதில் பதியும்.

தாளப் பகுதியிலும் இதே நிலைதான். ஏழு தாளம், ஐந்து ஜாதி, ஆக 35. ஐந்து கதி சேர்த்தால் 175 என்பதைச் சின்னப் பிள்ளையும் ஒப்பிக்கும். தேர்வு கேட்பது அதற்கு அப்பால். சதுரச்ர ஜாதி துருவ தாளம் 4, 2, 4, 4 என்று 14 அட்சரம். கண்ட ஜாதி அட தாளம் 5, 5, 2, 2 என்று அதுவும் 14. இரண்டும் ஒன்றா? எண்ணிக்கை ஒன்று; அங்கங்கள் வேறு; அதனால் தாளம் வேறு. தாளில் படித்தவருக்கு இது ஒரு தகவல். கையால் போட்டுப் பார்த்தவருக்கு, லகு எங்கே முடிகிறது, திருதம் எங்கே விழுகிறது என்பது உடம்பில் தங்கிவிடும். மறக்க முயன்றாலும் மறக்காது. தாள இலக்கணத்தின் ஒவ்வொரு வரியையும் கையால் போட்டும், சுர இலக்கணத்தின் ஒவ்வொரு வரியையும் பாடியோ வாசித்தோ பார்த்த பிறகே அடுத்த பக்கம் திருப்புவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். தனியாகப் படிப்பவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

இரண்டாவது வேலை, கேள்வி கேட்டுப் பார்ப்பது. இதற்கு உளவியல் ஆய்வு தெளிவான சான்று தருகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட சோதனையில் மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்தார்கள். சிலர் அதையே மீண்டும் படித்தார்கள். சிலர் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் முன்னே வந்துவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, மாதங்கள் கழித்து வருகிறது. திரும்பத் திரும்ப வாசிப்பது தரும் ‘தெரிகிறது’ என்ற திருப்தியை நம்பாமல், ஒவ்வொரு நாளும் பாடத்தை மூடி வைத்துவிட்டு ஒரு வெற்றுத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு ராகம் என்றால் மேள எண், ஆரோகணம், அவரோகணம், சுரத்தானங்கள், ஜீவ சுரம், நியாச சுரம், சஞ்சாரம், பாடும் நேரம், முக்கிய உருப்படிகள் என்று தலைப்புகளை வரிசையாகப் போட்டு நிரப்பலாம். நிரம்பாத இடம்தான் நாளைய பாடம். அதே ராகத்தை மூன்று நாள் கழித்தும், பத்து நாள் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் மறுபடி எழுத வேண்டும். பழைய வினாத்தாள்களைத் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்கென்று பத்திரப்படுத்தாமல் முதல் மாதத்திலேயே பிரித்துப் பார்ப்பது நல்லது. எந்தப் பகுதி ஆழமாகக் கேட்கப்படுகிறது என்பதை வினாத்தாளைப் போல வேறெதுவும் சொல்லாது. நெட் தேர்வுக்குத் தயாராகும் தமிழ் வழி மாணவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்த இசைத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். பாடம் தெரிந்தும் கேள்வி புரியாமல் விடும் நிலை வராதிருக்க, கலைச்சொற்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தொடக்கத்திலிருந்தே பக்கத்தில் எழுதிப் பழகுவது அவசியம்.

நெசவு ஊரில் படிப்பவர் காதைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதே இந்தியத் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் எல்லை. நாடா ஓடும் சாதாரண விசைத்தறிக் கூடங்களின் ஓசை அந்த எல்லையைத் தாண்டக்கூடியது. அத்தகைய சத்தத்தில் ஒரு ஷிப்ட் நின்றுவிட்டு வந்தவரின் காது, சத்தம் ஓய்ந்த பிறகும் சில மணி நேரம் மந்தமாகவே இருக்கும். அந்த நேரத்தில் கைசிக நிஷாதத்தையும் காகலி நிஷாதத்தையும் பிரித்துக் கேட்க உட்கார்ந்தால் காது ஏமாற்றும், மனமும் சோர்ந்துபோகும். எனவே கேட்கும் வேலையும் பாடும் வேலையும் ஷிப்டுக்கு முன்னால், எழுதும் வேலையும் கணக்குப் போடும் வேலையும் ஷிப்டுக்குப் பின்னால் என்று பிரிப்பதே அறிவுடைமை. தறிக்கூடத்தில் காதடைப்பான் போடுவதை இசை படிப்பவர் கூச்சமாக எண்ணக் கூடாது. அடிக்கடி பெருஞ்சத்தத்தில் இருந்தால் மந்தம் நிரந்தரமாகிவிடும். போன செவித்திறன் திரும்பி வராது. வாரவிடுமுறை நாளையும் மின்தடை நேரத்தையும் கேட்கும் பயிற்சிக்கென்று ஒதுக்கினால், தறி நின்ற அமைதியும் வீணாகாது.

இதற்கெல்லாம் வலுவான ஒரு மறுப்பு உண்டு. நம் இசை குருமுகமாக வந்தது. ஏட்டில் படித்த இசை இசையே அல்ல என்பார்கள். இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. தோடியின் காந்தாரம் எப்படி அசைகிறது, சகானாவின் ரிஷபம் எங்கே நிற்கிறது என்பதை எந்தப் புத்தகமும் காதுக்குள் போடாது. கமகத்துக்குக் குறியீடுகள் வகுத்து அச்சிட்ட சுப்பராம தீட்சிதரின் நூலையே, பாடத் தெரிந்தவர் துணையில்லாமல் பயன்படுத்த முடிவதில்லை. தனியாகப் படிப்பவருக்கு வரும் பெரிய ஆபத்தும் இங்கேதான். தறியின் அச்சில் ஓர் இழை தவறிப் புகுந்தால் துணி நெடுகக் கோடு விழுவதுபோல, தொடக்கத்தில் தவறாகப் பிடித்த ஒரு சுரத்தானம் அந்த ராகத்தைப் பற்றி எழுதும் எல்லாவற்றிலும் தொடரும். ஆனால் இந்த மறுப்பு நிரூபிப்பது, மூன்றாவது வேலைக்கு ஆள் வேண்டும் என்பதை மட்டுமே. தினமும் வகுப்பு வேண்டும் என்பதை அது நிரூபிக்கவில்லை. மாதம் ஒருமுறையோ இருமுறையோ, பாடத் தெரிந்த ஓர் ஆசிரியரிடமோ ஓதுவாரிடமோ நாதஸ்வரக் கலைஞரிடமோ போய், அதுவரை எழுதிய ராகங்களைப் பாடிக் காட்டித் திருத்திக்கொண்டு வருவது போதும். என்ன கேட்க வேண்டும் என்ற பட்டியலோடு போகும் மாணவருக்கு ஒரு மணி நேரத்தில் கிடைப்பது, பட்டியல் இல்லாமல் பத்து வகுப்பு போனாலும் கிடைக்காது.

தானே கற்றவர் என்று எல்லாரும் எடுத்துக்காட்டும் இளையராஜாவின் வாழ்க்கையும் இதைத்தான் சொல்கிறது. பண்ணைபுரத்திலிருந்து சென்னைக்கு வந்த அவர், ட்ரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார் என்பது நாடறிந்த செய்தி. அதற்குள் அளவில்லாத தனி உழைப்பு இருக்கிறது. ஆனால் மேல்நாட்டு இசையின் எழுத்தையும் இலக்கணத்தையும் திருத்திக் கொடுக்கத் தன்ராஜ் மாஸ்டர் இருந்தார். தனி உழைப்பும் திருத்தும் ஆளும் சேர்ந்துதான் அந்தத் தேர்ச்சி. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது மாணவருக்கு நல்லதல்ல.

இணையத்தில் எல்லாப் பாடமும் இலவசமாகக் கிடைக்கும்போது இத்தனை ஏற்பாடு எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இணையம் பெரிய வரம்தான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய தமிழ் நூல்கள் பல கைப்பேசியிலேயே படிக்கக் கிடைக்கின்றன. எந்த ராகத்தின் கச்சேரிப் பதிவையும் நொடியில் கேட்கலாம். சாம்பமூர்த்தி காலத்து மாணவருக்குக் கிடைக்காத வசதி இது. ஆயினும் காணொளி தானாக ஓடிக்கொண்டே இருப்பது. அது நம்மைக் கேள்வி கேட்காது. ஒருவர் விளக்குவதைக் கேட்டுத் தலையாட்டும்போது வரும் தெளிவு, வெற்றுத் தாளின் முன்னால் உட்காரும்போது கரைந்துவிடும். காணொளியைப் பாதியில் நிறுத்தி, அடுத்து அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எழுதிவிட்டு மேலே ஓட விடுபவருக்கு மட்டுமே அது பாடமாகிறது.

இந்தச் சான்றிதழால் என்ன பயன் என்பது கடைசி மறுப்பு. வேலைவாய்ப்பு குறைவு என்பது உண்மை. பள்ளிகளில் இசை ஆசிரியர் பணியிடங்கள் சொற்பம். அவற்றுக்கும் தேர்வு அறிவிப்பு எப்போதாவதுதான் வருகிறது. சான்றிதழை மட்டும் நம்பி இருக்கிற வேலையை விடுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் அறிவிப்பு வரும் நாளில் தகுதி கையில் இல்லாதவர், அந்தச் சொற்ப இடத்துக்கும் விண்ணப்பிக்க முடியாது. சான்றிதழுக்கு அப்பால் ஒரு பயனும் உண்டு. பாடத் தெரிந்த பெண்கள் நம் ஊர்களில் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தாம் கற்றதை அப்படியே சொல்லிக் கொடுப்பவருக்கும், அது ஏன் அப்படி இருக்கிறது என்று விளக்கத் தெரிந்தவருக்கும் வித்தியாசம் அதிகம். பின்னவரிடம் கற்கும் பிள்ளை அடுத்த படிக்குப் போகும். இலக்கணம் படித்த ஓர் ஆசிரியர் ஓர் ஊரில் இருந்தால், அந்த ஊரில் அடுத்து இலக்கணம் படிப்பவர் தனியாகப் படிக்க வேண்டியதில்லை.

சோமனூர் வட்டாரத்தில் இதற்குப் பெரிய கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை. கிளை நூலகங்களில் இசை இலக்கண நூல்கள் ஒரு தட்டும், தொழில்நுட்பத் தேர்வின் பழைய வினாத்தாள்கள் ஒரு கோப்பும் இருக்க வேண்டும். பாட்டும் வாத்தியமும் தெரிந்தவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஒரு பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்து, தனித்தேர்வர்களின் சந்தேகங்களைக் கேட்டுத் திருத்த வேண்டும். கோயில் விழாவுக்குக் கச்சேரி வைக்கும் ஊர்ப் பெரியவர்களும், தறி உரிமையாளர் சங்கங்களும் மனம் வைத்தால் இரண்டும் ஒரே மாதத்தில் நடக்கும். தேர்வு எழுத நினைப்பவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பாடத்திட்டத்தை இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். தெரிந்த ஒரு ராகத்தின் லட்சணத்தைப் புத்தகம் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். எழுத முடியாமல் நின்ற இடத்திலிருந்து படிப்பைத் தொடங்குங்கள்.